வெளுத்த புட்டியும் காப்புக் கட்டிய ஊரும்

எங்கள் ஆய்வுக்கூடத்தைச் சென்னைப் பக்கம் மாற்றிவிட்டார்கள். மைக்ராஸ்கோப்பும் புட்டிகளும் வைக்கோல் சுற்றிய பெட்டிகளில் லாரியேறிப் போய்விட்டன. என்னையும் வரச் சொன்னார்கள். புதுக்கோட்டைக் கடைவீதியைக் கடப்பதற்கே, இந்த வண்டி போகட்டும், அந்த வண்டி போகட்டும் என்று ஓரமாக நிற்கிறவன் நான். சென்னையில் நின்றால் நின்றுகொண்டேதான் இருக்க வேண்டும். ஐம்பது வயது ஆகவில்லை என்றாலும், போதும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு விராலிமலைக்கு வந்து சேர்ந்தேன்.

கூட வேலை பார்த்த பிள்ளைகள் விடவில்லை. புது இடத்தில் கிருமி வளர்க்கும் பெட்டியை மின்சாரமே அளவாகச் சூடாக்கிக்கொள்கிறதாம். திரியைத் தூண்ட ஆள் வேண்டாமாம். மண்ணெண்ணெய் விளக்கை வைத்துக்கொண்டு நாங்கள் எப்படித்தான் காலம் தள்ளினோம் என்று எழுதி அனுப்பச் சொல்கிறார்கள், அவர்களுடைய கையெழுத்துப் பத்திரிகைக்காக. பேசச் சொன்னால் எனக்கு உள்ளங்கை வியர்த்துவிடும். எழுதும்போது எதிரே ஆள் இல்லை, ஆகவே எழுதுகிறேன். படித்தது ஐந்தாம் வகுப்பு. பிழை இருந்தால் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள்.

நான் தொழில் கற்ற கதையை நாலு வரியில் முடித்துவிடலாம். திருச்சியில் ஒரு கல்லூரியில் புட்டி கழுவச் சேர்ந்தேன். பல வருஷம் கழுவினேன். கழுவிய கண்ணாடியில் தண்ணீர் முத்து முத்தாக நின்றால் அழுக்கு இருக்கிறது என்று அர்த்தம். ஒரே படலமாக வழிந்து ஓடினால் சுத்தம். அதற்கு மேல் அங்கே நான் கற்றது எதுவும் இல்லை. அங்கே ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த சாமுவேல் ஐயா ஒருநாள் என் பக்கத்தில் வந்து, வெளிச்சத்தில் ஒரு புட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "கடற்கரைக்கு வர்றீங்களா?" என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன். கடலைப் பார்த்ததில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

மணமேல்குடிக்குத் தெற்கே, ஓர் ஆறு கடலில் சேரும் இடம். அப்போது அந்தக் கரை புதுக்கோட்டைச் சமஸ்தானத்துக்கு வெளியே, தஞ்சாவூர் ஜில்லாவில் இருந்தது. ஊர் பெயர் வேண்டாம். கழிமுகத்தின் கரையில் ஓட்டுக் கொட்டகை ஒன்று, அதுதான் ஆய்வுக்கூடம். இரண்டு மேசை, ஒரு மைக்ராஸ்கோப், விளக்கு வைத்த கிருமிப் பெட்டி, ஐயாவுக்கு ஒரு கட்டில், எனக்கு ஒரு பாய்.

சாமுவேல் ஐயா பாளையங்கோட்டைப் பக்கத்துக்காரர். படகில் போகும்போது வேதக்கோயில் பாட்டைச் சீழ்க்கையடிப்பார். யாரையும் நீ என்று சொல்லமாட்டார்; படகோட்டியையும் வாங்க போங்க என்பார். கோபம் வந்து நான் பார்த்ததில்லை. வேலை பிசகிவிட்டால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, கைக்குட்டையால் இரண்டு பக்கமும் துடைத்து, திரும்ப மாட்டிக்கொண்டு, "இன்னொரு தடவை பார்ப்போம்" என்பார். அந்தக் கண்ணாடி துடைபடும் நேரத்தில் வைதிருந்தால் தேவலை என்று இருக்கும்.

என்ன வேலை என்று முதல் நாளே படகில் வைத்துச் சொன்னார். கரையோரத்து அலையாத்தி மரத்தடிச் சேற்றிலிருந்து ஓர் இலையை எடுத்தார். பாதி அழுகி, நரம்பு மட்டும் வலை மாதிரி இருந்தது.

"இந்த இலைல பாதி எங்கே போச்சு?" என்று கேட்டார்.

அழுகிப் போச்சு என்றேன்.

"அழுகிறதுன்னா, ஒரு கூட்டம் சாப்பிட்டுருக்குன்னு அர்த்தம். கண்ணுக்குத் தெரியாத கூட்டம். இலைல இருக்கிற கரியைத் தின்னுட்டு அதுங்க மூச்சா வெளிய விடுது. அந்தக் காத்தையே இந்த மரம் வாங்கித் திரும்ப இலையாக்குது. எவ்வளவு உள்ள போகுது, எவ்வளவு வெளிய வருது, அந்தக் கணக்குத்தான் நம்ம வேலை."

படகோட்டி மாரியப்பன் துடுப்பை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், வாய் ஓயாது. "இந்தச் சேத்துல உள்ளதெல்லாம் ஐயாவோட பிள்ளைங்கன்னு சொல்லுங்க" என்றார். அன்று முதல் எங்கள் கழிமுகத்தில் பாக்டீரியாவுக்கு அதுதான் பெயர். நான் தட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் புள்ளிகளை எண்ணும்போது, வாசலில் நின்று "பிள்ளைங்க இன்னைக்கு எத்தனை பேரு தம்பி?" என்று விசாரிப்பார்.

வேலை இப்படி இருக்கும். சேற்றை ஒரு கரண்டியால் எடுக்க வேண்டும். கரண்டியை முதலில் நெருப்பில் காட்டியிருக்க வேண்டும். கொதித்து ஆறிய தண்ணீரில் கரைத்து, அதில் ஒரு சொட்டை எடுத்து இன்னொரு குழாயில் கரைத்து, அதிலிருந்து இன்னொன்றில் கரைத்து, கடைசியில் தட்டில் உறைந்திருக்கும் அகார் கூழின் மேல் விட வேண்டும். இரண்டு நாள் பெட்டியில் வைத்தால் புள்ளி புள்ளியாக முளைக்கும். மிச்சச் சேற்றை ஒரு குடுவையில் அடைத்து, அதிலிருந்து வரும் காற்றைச் சுண்ணாம்புத் தெளிவுக்குள் குமிழியிட விடுவோம். தெளிவு மெல்ல மெல்லப் பால் மாதிரி வெளுக்கும். "பாருங்க, இலை மூச்சாப் போகுது" என்பார் ஐயா. எத்தனை தடவை பார்த்தாலும் புதிதாகப் பார்ப்பதுபோலக் குனிந்து பார்ப்பார்.

யுத்தம் வந்ததும் அகார் நின்றுபோயிற்று. அது ஜப்பானிலிருந்து வந்துகொண்டிருந்த சரக்கு. ஐயா ஒரு வாரம் யோசித்துவிட்டு, கரையில் பெண்கள் கஞ்சி காய்ச்சப் பொறுக்கிக்கொண்டிருந்த கஞ்சிப்பாசியை ஒரு கூடை வாங்கி வரச் சொன்னார். வேகவைத்தோம், வடிகட்டினோம், தட்டில் ஊற்றினோம். முதல் தடவை உறையவே இல்லை. இரண்டாம் தடவை உறைந்தது, ஆனால் கருவாட்டு வாசம் அடித்து எங்கிருந்தோ எறும்பெல்லாம் வந்துவிட்டது. ஐயா கண்ணாடியைத் துடைத்தார். பாசியை வெயிலில் வெளுக்கும் வரை காயவைத்து, பல தண்ணீர் மாற்றிக் காய்ச்சிய பிறகுதான் நல்ல கூழ் கிடைத்தது. மாரியப்பன் அதில் ஒரு துண்டைச் சர்க்கரை போட்டுத் தின்று பார்த்துவிட்டு, பிள்ளைகளுக்கு ராஜ விருந்துதான் என்று சர்டிபிகேட் கொடுத்தார்.

இனி அந்தக் கோடையைச் சொல்ல வேண்டும்.

அந்த வருஷம் ஆற்றில் தண்ணீர் வரத்து இல்லை. கடல் மணலைக் கொண்டுவந்து தள்ளி முகத்துவாரத்தை அடைத்துவிட்டது. கழிமுகம் குளம் மாதிரி அசையாமல், பச்சைப் பசேலென்று கிடந்தது. ஒருநாள் காலை கரையெங்கும் மீன் செத்து மிதந்தது. மடவை, கிழங்கான் எல்லாம் வாயைப் பிளந்தபடி. மறுநாளும் அப்படியே.

ஊரார் பார்வை உடனே கறுப்பையாவின் மேல் விழுந்தது. கறுப்பையா பேராவூரணிப் பக்கத்திலிருந்து வந்து, கரையோரம் குழி வெட்டி, தேங்காய் மட்டையை ஊறப்போட்டு நாரெடுப்பவன். அவனும் அவன் மனைவி செல்லம்மாவும், கூட நாலைந்து ஆட்களும். மட்டைக் குழித் தண்ணீர் கறுப்பாக இருக்கும். கெட்டுப்போன முட்டை மாதிரி நாறும். மீன் செத்ததற்கு வேறு என்ன காரணம் வேண்டும்? அவன் தண்ணீரை நஞ்சாக்கிவிட்டான் என்று ஊர் கூடிப் பேசியது. குழியை மூடிவிட்டுப் போய்விட வேண்டும் என்றார்கள். ஊர் அம்பலகாரர் மட்டும் நிதானஸ்தர். "தண்ணியச் சோதிக்கிற ஆளுக இங்கனயே இருக்காக. அவுக ஒரு வார்த்தை சொல்லட்டும். நஞ்சுன்னு சொன்னா அவன் அன்னைக்கே கிளம்பணும்" என்று முடித்தார்.

அன்று மாலை கறுப்பையா கொட்டகைக்கு வந்தான். ஐயா உள்ளே இருந்தார், என்னிடம்தான் பேசினான். "அண்ணே, ஊறப்போட்ட மட்டை இன்னும் பதமாகலை. இப்பக் குழியை மூடினா எல்லாம் மண்ணு. வேற கரையில எவன் எடம் குடுப்பான்? மீனைக் கொன்னவன்னு பேரு எனக்கு முன்னாடி போயிருமே" என்றான். குடிக்கத் தண்ணீர் கொடுத்தேன்.

தண்ணீரில் உயிர்க்காற்று, அதாவது பிராணவாயு, இருக்கிறதா என்று பார்ப்பது இப்படி. தகர டப்பாவுக்குள் ஒரு கண்ணாடிப் புட்டி. டப்பா மூடியிலிருந்து ஒரு குழாய் புட்டியின் அடிவரை போகும். டப்பாவை ஆற்றில் இறக்கினால் தண்ணீர் புட்டியின் அடியிலிருந்து நிரம்பி, வழிந்து, டப்பாவையும் நிரப்பும். மேலே எடுத்ததும் கண்ணாடி மூடியைச் சாய்த்து மூட வேண்டும். உள்ளே ஒரு குமிழி நிற்கக் கூடாது. நின்றால் வெளிக்காற்று கணக்கில் சேர்ந்துவிடும். பிறகு முதல் மருந்து, இரண்டாம் மருந்து, இரண்டையும் புட்டியின் அடியில் விட்டு, மூடி, தலைகீழாகப் புரட்ட வேண்டும். உயிர்க்காற்று இருந்தால் காப்பி நிறத்தில் கசடு இறங்கும். சுத்தமாக இல்லையென்றால் கசடு வெள்ளையாக இறங்கும். எவ்வளவு என்று அளக்க அதற்குப் பிறகும் வேலை உண்டு. ஆனால் உண்டா இல்லையா என்பது அந்த நிறத்திலேயே தெரிந்துவிடும்.

மூன்று இடத்தில் எடுத்தோம். முகத்துவாரத்துக்குப் பக்கம், மட்டைக் குழிக்கு எதிரே நடு ஆற்றில், அப்புறம் மீன் அதிகமாகச் செத்த மேல் வளைவில். மூன்றும் நல்ல காப்பி நிறம். ஐயாவுக்குப் புரியவில்லை. உயிர்க்காற்று இவ்வளவு இருக்கும்போது மீன் ஏன் சாக வேண்டும்? எனக்கும் புரியவில்லை. மாரியப்பனுக்குப் புரிந்துவிட்டது. எங்களைக் கரையில் இறக்கிவிட்டு நேராக டீக்கடைக்குப் போய், தண்ணீரில் குறை ஒன்றுமில்லை, ஐயாவே அசந்துபோய்விட்டார், ஆகவே நஞ்சேதான் என்று சொல்லிவிட்டார். பொழுது சாய்வதற்குள் செல்லம்மா மட்டை அடிக்கும் கட்டையைத் துணியில் சுற்றிக் கட்ட ஆரம்பித்துவிட்டாள்.

மறுநாள் நடந்ததைத்தான் நான் பல தடவை நினைத்துப் பார்ப்பேன். எங்கள் வழக்கப்படி ஒவ்வோர் இடத்திலும் இரண்டு புட்டி எடுப்போம். ஒன்றில் உடனே மருந்து விடுவோம். மற்றதைக் கறுப்புத் துணி போர்த்திய பெட்டிக்குள் இருட்டில் வைத்து, சில நாள் கழித்து மருந்து விடுவோம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் பாக்டீரியா அத்தனை நாளில் மூச்சுவிட்டுத் தீர்த்தது. அந்தத் தடவை ஐயாவுக்குப் பொறுமை இல்லை. காலையிலேயே மேல் வளைவுப் புட்டியை எடுத்து மருந்தை விட்டார். கசடு இறங்கியது. சுண்ணாம்பு மாதிரி வெள்ளை.

கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மூடியை நான் சரியாக மூடவில்லையோ என்று நினைத்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை; புட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாம எத்தனை மணிக்குத் தண்ணி எடுக்கிறோம்?"

பத்துப் பத்தரை என்றேன். மாரியப்பன் கடலுக்குப் போய்த் திரும்பி, மீனை இறக்கி, படகைக் கழுவிய பிறகுதான் எங்களுக்குப் படகு. இத்தனை வருஷமும் படகு கிடைக்கிற நேரம்தான் எங்களுக்குத் தண்ணீர் எடுக்கிற நேரம்.

"பத்து மணிக்கு வெயில் ஏறிடுது. பச்சைப் பாசியெல்லாம் உயிர்க்காத்தை விட ஆரம்பிச்சுடுது. புட்டியெல்லாம் காப்பி நிறமா வருது, நாம சந்தோஷமா வீட்டுக்கு வர்றோம்." பெட்டியைத் தட்டினார். "இதுக்குள்ள ஒரு ராத்திரி இருட்டு. அவ்வளவுக்கே இப்படி வெளுத்துப்போச்சு. வெளிய ஆத்துக்கும் அதே ராத்திரிதானே? நான் ஒரு முட்டாள்." முட்டாள் என்று சொல்லும்போது அவருக்கு அவ்வளவு சந்தோஷம். சீழ்க்கையடித்துக்கொண்டே மாரியப்பனைத் தேடிப் போனார்.

மாரியப்பன் ஒரு நாள் கடலை விட்டுக்கொடுத்தார். அவரே கிளப்பிய நஞ்சுக் கதை சரிதானா என்று பார்க்க அவருக்கும் ஆசை. கிழக்கு வெளுக்கும் நேரத்தில் மூவரும் போனோம். மேல் வளைவுக்கு வந்தபோது மீன்கள் தண்ணீர் மட்டத்துக்கு வந்து வாயை வெளியே நீட்டி நீட்டிக் காற்றைக் குடித்துக்கொண்டிருந்தன. படகு நெருங்கியும் விலகவில்லை. மாரியப்பன் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார்.

மேல் வளைவு, வெள்ளை. நடு ஆறு, வெள்ளைக்குப் பக்கத்தில் ஒரு வெளிர் மஞ்சள். மட்டைக் குழிக்குள், வெள்ளை. மணல் திட்டுக்கு அந்தப் பக்கம் கடல் தண்ணீர், நல்ல காப்பி நிறம்.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. மட்டைக் குழியும் வெள்ளை. அதை மட்டும் ஊருக்குக் காட்டினால் கறுப்பையா போயாக வேண்டும். ஆனால் மேல் வளைவு குழியிலிருந்து வெகுதூரம். அங்கே இருந்தது ஊராரின் கொப்பு. இலைதழையோடு கிளைகளை வெட்டி ஆற்றில் ஆழ்த்தி வைத்தால் மீன் வந்து அண்டும். பிறகு சுற்றி வலை போட்டுப் பிடிப்பார்கள். அந்த வருஷம் கடலில் மீன் குறைவு என்று ஊரில் ஆளாளுக்குக் கொப்புப் போட்டிருந்தார்கள். அத்தனை இலையும் தண்ணீருக்குள் அழுகிக்கொண்டிருந்தது.

"எல்லாப் புட்டியையும் வைப்போம். ஒண்ணையும் மறைக்க வேண்டாம்" என்றார் ஐயா.

அதற்குள் மாரியம்மன் கோயிலில் காப்புக் கட்டிவிட்டார்கள். மறுநாள் விடிந்ததும் கோயில் முன்னால் ஊர் கூடியது. அப்போதுதான் எடுத்துவந்த புட்டிகளைப் பலகையில் வரிசையாக வைத்தேன். ஐயா பேசினார், நான் மருந்து விட்டேன். அத்தனை கண்ணும் என் விரலைப் பார்த்தன. முதல் புட்டி கடல். காப்பி நிறம் இறங்கியதும் குழந்தைகள் ஆவென்றன. அடுத்தது வெளுத்தது. கூட்டத்தில் யாரோ மட்டைக் குழிதானே என்று குரல் கொடுத்தார்கள். கறுப்பையா தலையைக் குனிந்துகொண்டான்.

அம்பலகாரர் என்னைப் பார்த்து, "தம்பி, நீங்கதான எடுத்தீக. எந்த எடம்?" என்றார்.

"நம்ம கொப்புப் போட்ட எடம்ங்க" என்றேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

அதற்கு அடுத்த புட்டியும் வெளுத்தது. அதுதான் மட்டைக் குழி என்று ஐயாவே சொன்னார். "நஞ்சு யாரும் போடலைங்க. மட்டையானாலும் கொப்பானாலும் தின்கிறது ஒரே கூட்டம்தான். தின்னா மூச்சு விடணும். தண்ணி ஓடினா கடல்ல இருந்து புதுக் காத்து வரும், யாருக்கும் குறையில்லை. முகத்துவாரம் அடைச்சுக் கிடக்கு. ராத்திரி பூரா அதுங்களே மூச்சுவிட்டுத் தீர்த்துடுது. விடியிறதுக்குள்ள மீனுக்கு ஒண்ணும் மிச்சமில்லை. கொப்பை எடுத்துடுங்க, குழிக்கு உயரமா வரப்புப் போடுங்க. ஆனா முதல்ல முகத்துவாரத்தை வெட்டுங்க, இன்னைக்கே."

ஒருவரும் அசையவில்லை. ஐயா சொன்னது புரியாமல் இல்லை. அம்பலகாரர் தன் மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினார், மஞ்சள் கயிறு. காப்புக் கட்டிவிட்டால் திருவிழா முடியும்வரை அந்த ஊரில் யாரும் மண்ணில் வெட்டு வைக்கமாட்டார்கள். தேர் நிலைக்கு வந்து காப்பு அவிழ்க்க இன்னும் ஒரு வாரத்துக்கு மேல் இருந்தது. அதற்குள் ஆற்றில் மீன் என்று சொல்ல ஒன்றும் மிஞ்சாது. மீன் அற்றுப்போனால் கறுப்பையா மேல் உள்ள பழியும் தீராது.

மாரியப்பன்தான் ஆரம்பித்தார். "ஐயாவுக்குக் காப்பு இல்லை. அவரு வேதக்காரரு."

ஐயா வேட்டியை மடித்துக் கட்டினார். "எனக்கு வெட்டத் தெரியாது. கத்துக்கிறேன்."

"விராலிமலைத் தம்பிக்கும் காப்பு இல்லை" என்று மாரியப்பன் என்னையும் இழுத்துவிட்டார். கூட்டத்தில் சிரிப்பு. ஒரு விஞ்ஞானியும் ஒரு புட்டி கழுவுகிறவனும் சேர்ந்து கடலைத் திறப்பதை நினைத்தால் யாருக்குத்தான் சிரிப்பு வராது?

அப்போது செல்லம்மா முன்னால் வந்தாள். "எங்களுக்கும் இந்த ஊர்க் காப்பு இல்லீங்க. நாங்கதான் வெளியூருன்னு நீங்களே சொன்னீகளே" என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னாள். கறுப்பையா போய்க் குழி வெட்டும் மண்வெட்டிகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். அவனோடு அவன் ஆட்களும்.

உச்சிப் பொழுது வரை வெட்டினோம். ஊர் முழுக்க மணல்மேட்டில் வரிசையாக உட்கார்ந்து பார்த்தது. கை வைக்கத்தான் கூடாது. வாய் வைக்கலாம் போலிருக்கிறது. இங்கிட்டு ஆழமா வெட்டு, அங்கிட்டுச் சரியுது பாரு என்று ஆளுக்கு ஒரு யோசனை. ஐயா மண்வெட்டியால் மணலை எடுத்து, திரும்பி, எடுத்த இடத்திலேயே போட்டுக்கொண்டிருந்தார். மாரியப்பனுக்குப் பொறுக்கவில்லை, காப்புக் கட்டிய கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, ஒரு வாத்தியார் மாதிரி பக்கத்திலேயே நடந்தார். என் உள்ளங்கையில் கொப்புளம் கண்டது. மோரும் கூழும் மட்டும் பெண்கள் கொண்டுவந்து கொடுத்தார்கள். செல்லம்மாவின் கையில் முதல் சொம்பைக் கொடுத்தது அம்பலகாரரின் மனைவி. அதை எல்லாரும் பார்த்தோம்.

கால்வாய் கடலைத் தொட்டதும் முதலில் ஒரு கையகலத் தண்ணீர்தான் ஓடியது. பிறகு அது தானாகவே மணலை அரித்து அகலமாகிக்கொண்டது. அன்று கடல் ஏறியபோது உள்ளே வந்த தண்ணீரின் நிறமே வேறு.

இரண்டு நாள் கழித்து விடியலில் போய் எடுத்தோம். மேல் வளைவில் கசடு நல்ல காப்பி நிறமாக இல்லை. பால் தாராளமாக விட்ட காப்பி என்று சொல்லலாம். மீன் தலையை வெளியே நீட்டவில்லை. ஐயா அளந்து எழுதிக்கொண்டார், சீழ்க்கையடித்தார்.

கறுப்பையாவுக்கு ஊர் என்ன சொன்னது என்று நீங்கள் கேட்பீர்கள். ஒன்றும் சொல்லவில்லை. நீ குற்றமற்றவன் என்றோ, இங்கேயே இரு என்றோ ஒருவரும் சொல்லவில்லை. காப்பு அவிழ்த்த அன்று அம்பலகாரர் கரையோரமாக நடந்து வந்தார். நான் புட்டி கழுவிக்கொண்டிருந்தேன். கறுப்பையா குழிக்கு வரப்புப் போட்டுக்கொண்டிருந்தான். அவரைக் கண்டதும் எழுந்து, துண்டை இடுப்புக்கு இறக்கி, என்ன சொல்லப்போகிறாரோ என்று நின்றான். அவர் வரப்பின் உயரத்தைப் பார்த்தார். காலால் ஒருமுறை அழுத்திப் பார்த்தார்.

"ஏப்பா கறுப்பையா, அடுத்த வருஷமும் மணல் அடைக்கும். அடுத்த வருஷமும் நாங்க காப்புக் கட்டுவோம்."

"ஆமாங்க."

"எங்கிட்டும் போயிராத" என்று சொல்லிவிட்டு அவர் பாட்டுக்கு நடந்தார்.